தேவராசாவின் கியூ

கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்தப் பில்லியர்ட்ஸ் சலூன் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. மத்தியானப் பாண் வேகும் மணம் மரப்படிகளில் ஏறி வந்து, பச்சைத் துணி விரித்த மேசைகள் வரைக்கும் பரவி நிற்கும். அன்றைக்கும் அந்த மணம் இருந்தது. மின்வெட்டு என்பதால் ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்திருந்தார்கள்.

தேவராசா மேசையின் ஒரு முனையில் குனிந்து நின்றான். மேசையில் வெள்ளைப் பந்து மட்டும்தான். அதை நடுக்கோட்டில் வைத்து, நேரே எதிர்முனைக்கு அடித்தான். பந்து போய் எதிர் விளிம்பில் பட்டுத் திரும்பியது. ஆனால் அவனிடம் வரவில்லை. இடப்பக்கம் ஒரு சாண் விலகி வந்து நின்றது.

எடுத்து வைத்து மறுபடி அடித்தான். மறுபடியும் ஒரு சாண்.

ஐந்தாவது தரமோ ஆறாவது தரமோ அடித்தபிறகு, கியூக் கோலை மேசைமேல் வைத்துவிட்டு, வலது கையை முகத்துக்கு முன்னால் பிடித்து விரல்களை விரித்துப் பார்த்தான். கடையில் வாங்கிய சாமான் பழுதா என்று பார்ப்பது போலப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"கை போட்டுது மச்சான்," என்றான். கை போய்விட்டதாம்.

தடுப்புக் காவலிலிருந்து அவனை விட்டு ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. பத்து மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன். நான் அவனுக்கு இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவனுடைய கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த மாடியில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

இந்தத் தொடரில் இதுவரை வந்தவற்றில் பெரும்பாலும் நான் கெட்டிக்காரனாகவோ, போனால் போகிறது, பாவப்பட்டவனாகவோ வந்திருக்கிறேன். "உங்களுக்கு என்ன நல்ல மனசு" என்று வாசகி ஒருவர் கடிதம்கூட எழுதியிருந்தார். இந்த வாரத்தை வாசித்துவிட்டு அவர் அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன்.

கையைச் சோதிக்கும் பந்து

தேவராசா நகைத் தொழிலாளி. யாழ்ப்பாணத்துக்காரன். செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையின் பின்பக்கத்துப் பட்டறையில் கல் பதிக்கிற வேலை. அந்தத் தெருவில் தங்கம் உருக்க ஆள் இருக்கும், கம்பி இழுக்க ஆள் இருக்கும். ஒரு அரிசி அளவு நீலக்கல்லை, அது வெடிக்காமல், ஆடாமல், தங்கத்துக்குள் உட்காரவைக்க ஆள் குறைவு. தேவராசாவைத் தேடி மற்றக் கடைக்காரர்களும் வருவார்கள்.

அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் நடந்து கொட்டாஞ்சேனைச் சலூனுக்கு வருவான். ஆட்டம் ஆடுவதற்கு அல்ல. வெள்ளைப் பந்தை நடுக்கோட்டில் வைத்து நேரே அடிப்பான். அது போய்த் திரும்பி வந்து, நீட்டியபடியே வைத்திருக்கும் கியூவின் நுனியில் 'டொக்' என்று முட்டவேண்டும். மூன்று தரம் முட்டினால் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவான். அன்றைக்குப் பின்னேரம் கடினமான கல்லை எடுப்பான். முட்டாவிட்டால் அன்றைக்குக் கல்லைத் தொடமாட்டான். தேய்க்கிற வேலை, அராவுகிற வேலை ஏதாவது பார்ப்பான்.

"பந்து பொய் சொல்லாது மச்சான். கை ஒரு நூல் கோணினாலும் காட்டிக் குடுத்திடும்," என்பான்.

நான் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க். வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தேன். வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாமல், எதிர்த்திசையில் பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போவேன். வெள்ளவத்தையிலும் மேசைகள் இருந்தன. ஆனால் அங்கே ஆடினால் யாராவது தெரிந்தவர் கண்டு ஊருக்குக் கடிதம் போட்டுவிடுவார். பில்லியர்ட்ஸ் ஆடுகிறவனுக்குப் பெண் கொடுக்க யோசித்த காலம் அது. சனிக்கிழமைகளில் தேவராசாவும் முழுநேரமும் அங்கே இருப்பான். அப்படித்தான் பழக்கம்.

கம்பு என்று நினைக்காதீர்கள்

கியூ என்றால் ஒரு நீளக் கம்பு, பந்தை இடிக்க ஒரு முனை, பிடிக்க ஒரு முனை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தேவராசா அதைப் பிரித்துச் சொல்லித் திருத்தினான்.

நுனியில் இருப்பது தோல். சின்னப் பொத்தான் அளவு. அது மெத்தென்று இருந்தால் பந்தைக் கொஞ்ச நேரம் பிடித்துப் பிறகு விடும். நாம் நினைத்த இடத்துக்குப் பந்து போகும். இறுகிப்போனால் நுனியில் பூசுகிற சோக்கு ஒட்டாது, பந்து வழுக்கும். தேவராசா தன் கியூவின் தோலை அரத்தால் மெல்லத் தட்டித் தட்டி, ஒரு வருடம் எடுத்துப் பதப்படுத்தியிருந்தான். தோலுக்குக் கீழே பித்தளைப் பூண். அது இல்லாவிட்டால் மரம் பிளந்துவிடும்.

பூணுக்குக் கீழே ஆஷ் மரம். வெளிநாட்டு மரம், அதில் அம்புத் தலை போல ரேகைகள் ஓடும். நல்ல ஆட்டக்காரன் எப்போதும் அந்த அம்புகள் மேலே தெரியும்படிதான் பிடிப்பான். ஒவ்வொரு தரமும் ஒரே பக்கம், அதில் மாற்றமே இருக்காது. பிடிக்கிற முனை கருங்காலி. அதற்குள்ளே ஈயம். அடியிலிருந்து சரியாக ஒரு முழத்தில் ஒற்றை விரலை வைத்தால், தேவராசாவின் கியூ இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கும். அந்த இடம் நான்கு விரல் முன்னுக்குப் போனால் நுனி பாரமாகித் தலையைக் கவிழ்க்கும். பின்னுக்குப் போனால் நுனி துள்ளும்.

எல்லாவற்றையும்விட, அது ஒரே துண்டு. தோலில் பட்டது கருங்காலியைப் பிடித்திருக்கும் உள்ளங்கை வரைக்கும் தடையில்லாமல் வரும். பந்தில் எந்த இடத்தில் பட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான்.

ஒருநாள் அந்தக் கியூவால் ஒரேயொரு அடி அடிக்கக் கேட்டேன்.

"டேய், உன்ர பல்லுத் துலக்கிற பிரஷ்சை எனக்குத் தருவியே?"

"ஏன் தரமாட்டன்?"

"எனக்கு வேண்டாம்," என்றான்.

நீட்டுச் சாமான்

ஜிந்துப்பிட்டியில் அவன் குடியிருந்த ஒழுங்கையை, அந்தச் சந்து முழுவதையும், ஒரு விடியற்காலை பொலிஸார் சுற்றிவளைத்தார்கள். பிடித்தவர்களில் பலரை அன்றைக்கே விட்டார்கள். தேவராசாவை விடவில்லை. ஊரிலிருந்து வந்த சொந்தக்காரன் ஒருவன் அவன் அறையில் இரண்டு நாள் பொலிசில் பதியாமல் தங்கியிருந்தது காரணம் என்றார்கள். காரணம் என்று ஒன்று கிடைத்ததே அந்த நாட்களில் பெரிய விஷயம்.

மூன்று வாரம் கழித்து அவன் மனைவி புஷ்பம் என் அலுவலக வாசலில் வந்து நின்றார். தடுப்பில் தேவராசாவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாராம். பெயிலுக்கு ஆள் தேடச் சொல்லியிருப்பான், யாரையாவது பிடிக்கச் சொல்லியிருப்பான் என்று நான் நினைத்தேன்.

"அந்தக் கியூவைச் சலூனில விடவேண்டாமாம் அண்ணை. உங்களிட்டக் குடுக்கச் சொன்னவர். சுவரில சாய்ச்சு வைக்கக்கூடாதாம், வளைஞ்சுபோமாம். படுக்கப்போட்டு வைக்கட்டாம்," என்றார். சொல்லிவிட்டு அந்த அம்மா அழுதார்.

சலூன் முதலாளிக்கும் பயம். பிடிபட்டவனின் சாமான் தன் கடையில் இருக்கக்கூடாது என்று, நான் போனதும் கையில் தந்துவிட்டார். நாலே முக்கால் அடி நீளம். அந்தக் காலத்தில் நம்முடைய ஆட்கள் நீட்டுச் சாமான் கொண்டு தெருவில் போவதென்றால் ஒரு கலை. வெள்ளவத்தையில் ஒருவர் புதுவீட்டுக்குத் திரைச்சீலைக் கம்பி வாங்கிக்கொண்டு போக, இரண்டு சோதனைச் சாவடியில் மறித்து விசாரித்தார்கள். மூன்றாவது சாவடி வருமுன் அவர் கம்பியைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டார். தெஹிவளையில் வயலின் படிக்கிற பெண்பிள்ளை ஒன்று பெட்டியைத் திறந்தே பிடித்துக்கொண்டு நடக்கும்.

நான் கியூவை ஒரு பாய்க்குள் வைத்துச் சுருட்டி, ஆட்டோவில் குறுக்கே கிடத்திக்கொண்டு போனேன். காலி வீதியில் மறித்தார்கள். பொலிஸ்காரர் பாயை விரித்தார். "மேக்க மொகக்த?" என்றார், இது என்ன என்று. பயத்தில் எனக்குச் சிங்களம் வரவில்லை. ரோட்டிலேயே குனிந்து, இல்லாத பந்தை அடித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். தானும் ஒருதரம் அடித்துப் பார்த்துவிட்டுப் பாயைச் சுருட்டித் தந்து, "யண்ட" என்று போகச் சொன்னார்.

இதை நான் விபரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சாவடியில் அந்தக் கியூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளவத்தையில் என் கட்டிலுக்குக் கீழே படுக்கப்போட்டு வைத்தேன். பிறகு இரண்டு தரம் வீடு வீடாகத் தேடினார்கள். இரண்டு தரமும் பார்த்தார்கள், கேட்டார்கள், போனார்கள். அதனால் எனக்கு ஒரு ஆபத்தும் வரவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

ரஹீம் நானாவின் பட்டறை

ஐந்தாறு மாதம் போனது. கம்பனிகளுக்கிடையே ஒரு ஸ்னூக்கர் போட்டி வைத்தார்கள், பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு கிளப்பில். எங்கள் அலுவலகத்தில் என் பெயரைக் கொடுத்தார்கள். எனக்குத் தலை கால் தெரியவில்லை. கிளப்பில் இருந்த பொதுக் கியூக்களோ, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வளைந்து கிடந்தன. என் கட்டிலுக்குக் கீழே கொழும்பிலேயே நல்ல கியூ ஒன்று சும்மா கிடந்தது.

ஒருநாள் பாயில் சுருட்டிக் கொண்டுபோனேன். கிளப் வாசலில் கோட்டுப் போட்டவர்கள் நிற்க, நான் கக்கத்தில் பாயோடு போய் இறங்கினேன். "படுக்க வந்தீங்களா?" என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் சின்னத் தோல்பெட்டியைத் திறந்து, இரண்டு துண்டை எடுத்து, ஸ்டைலாகத் திருகிப் பூட்டினார்கள். அதைப் பார்த்ததும் என் புத்தி கெட்டது.

மாளிகாவத்தையில் மேசைக்கால் கடைகிற ரஹீம் நானாவிடம் கொண்டுபோனேன். கியூவை நடுவில் வெட்டிப் பித்தளைத் திருகு பூட்டவேண்டும் என்றேன். அவர் அதைக் கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடி நீளத்துக்குப் பார்த்தார்.

"தம்பி, நல்ல சாமான் இது. இத எதுக்கு வெட்டுற?"

"கொண்டுபோகக் கஷ்டம் நானா. செக்பொயின்ட்டில பிரச்சினை."

முதல் தரம் அந்தப் பொய்யைச் சொன்னது அவரிடம்தான். போர்க்காலத்தில் நமக்கு அது ஒரு வசதி. கலியாணத்துக்குப் போகாததற்கும் செக்பொயின்ட், கடிதத்துக்குப் பதில் போடாததற்கும் செக்பொயின்ட். யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

"வெட்டினா வெட்டினதுதான். பொறகு என்னக் கொற சொல்லப்படாது," என்றார்.

அறுக்கும்போது மரத்தூள் வாசம் வந்தது. நிறுத்தச் சொல்லியிருக்கலாம். நான் தேத்தண்ணீர் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது கியூ இரண்டு துண்டாக, நடுவில் பளபளவென்று பித்தளையோடு இருந்தது. பூட்டி விரலில் வைத்துப் பார்த்தேன். நிற்கும் இடம் நான்கு விரல் முன்னுக்குப் போயிருந்தது. அடியில் பாரம் கூட்ட, ரஹீம் நானா இன்னும் கொஞ்சம் ஈயம் உருக்கி ஊற்றினார். பாரம் கூடியதே தவிரப் பழைய இடம் வரவில்லை. அடிபட்டபோது தோலில் வந்தது கைக்கு வராமல் பித்தளையிலேயே நின்றது. பத்தாததற்கு, வெட்டும்போது நுனித் தோலும் கழன்றுபோக, நான் புதுத்தோல் ஒன்று வாங்கி ஒட்டினேன். கல்லு மாதிரி இறுக்கம்.

இதெல்லாம்கூடப் பழகிக்கொள்ளலாம். பெரிய குறை வேறு. திருகு ஒரு மயிரளவு சரிவாக இறங்கியிருந்தது. சும்மா பார்த்தால் நேராக இருக்கும். மேசையில் உருட்டினாலும் தெரியாது. அடிபடும் கணத்தில் மட்டும் பூட்டு ஒரு பக்கம் இளகும். அம்பு ரேகைகளை மேலே வைத்துப் பிடித்தால் பந்து இடப்பக்கம் ஓடியது. இரண்டு வாரம் திண்டாடி ஒரு வழி கண்டுபிடித்தேன். கியூவைக் கால்வாசி திருப்பி, அம்புகள் பக்கவாட்டில் போகும்படி பிடித்தால், அந்த இளக்கம் மேல்கீழாகப் போய்விடும். பந்து நேரே போகும்.

போகப்போக அது என் கைக்குப் பழகிவிட்டது. கியூவைத் தொட்டதும் விரல்கள் தாமாகத் திருப்பும்.

போட்டியில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். இரண்டாவது சுற்றில் தோற்றேன். அதற்காகத்தான் வெட்டினேன்.

"நீ அடி பாப்பம்"

இனி அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

விட்ட மறுநாளே தேவராசா வெள்ளவத்தைக்கு வந்துவிட்டான். மெலிந்திருந்தான். உள்ளே நடந்ததைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. கையிலோ காலிலோ யாரும் தொடவில்லை என்று மட்டும் சொன்னான். ஈரச் சீமெந்தில் படுத்துப் படுத்துத் தோள்மூட்டு பிடித்துவிட்டது என்றான். பிறகு கியூவைக் கேட்டான்.

இரண்டு துண்டையும் எடுத்து வைத்தேன். நடுவிலிருந்த பித்தளையை விரலால் தொட்டான். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. வந்தது இதுதான்.

"என்ன செய்யிறது மச்சான், ரெண்டு தரம் ரவுண்டப், வீடு வீடாத் தேடினவங்கள். நீட்டுச் சாமானைக் கண்டா விடுவாங்களே? வெட்டாட்டி அவங்கள் கொண்டுபோயிருப்பாங்கள்."

அவன் என் தோளில் கையை வைத்தான். "எனக்காக நீ எவ்வளவு பயந்திருப்பாய்," என்றான்.

அந்தக் கையைத் தட்டிவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. "நேரா அடிக்குதே?" என்று கேட்டான். நேரா அடிக்குது, நூல் பிடிச்ச மாதிரி, நான் அடிச்சுப் பாத்தனான் என்றேன்.

நான்கு நாள் கழித்துச் சலூனில் பந்து ஒரு சாண் விலகி வந்தது. அவன் பழைய பழக்கப்படி அம்புகளை மேலே வைத்துத்தான் பிடித்தான். வேறு எப்படிப் பிடிப்பான்? பொதுக் கியூ ஒன்றை எடுத்தும் அடித்தான். அந்தக் கோணல் கட்டையில் யாருக்கும் நேரே போகாது. "கை போட்டுது" என்றான். "சும்மா இருடா, பத்து மாசம் அடிக்கேல்லை, பழகினாச் சரி" என்று நான் சொன்னேன்.

அப்போதுதான் கியூவை என்னிடம் நீட்டினான். பல்லு பிரஷ் கதை சொல்லி ஒரு அடிகூட அடிக்க விடாதவன், தானாக நீட்டினான்.

"நீ அடி பாப்பம்."

வாங்கினேன். குனிந்தேன். என் விரல்கள் தாமாகவே கியூவைக் கால்வாசி திருப்பின. அடித்தேன்.

பந்து நடுக்கோட்டில் போய், விளிம்பில் பட்டு, அதே கோட்டில் திரும்பி வந்து நுனியில் 'டொக்' என்று முட்டியது.

அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு கணம் சந்தோஷம் வந்தது. வெட்கமில்லாமல் இதையும் எழுதிவிடுகிறேன். தேவராசா பார்த்துக்கொண்டு நிற்க, தேவராசாவின் கியூவால், தேவராசாவைப் போல அடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். நிமிர்ந்து பார்த்தபோது அவன் என்னையும் பார்க்கவில்லை, பந்தையும் பார்க்கவில்லை. தன்னுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கியூ நல்லாத்தான் இருக்கு," என்றான்.

தொழில் என்ற கட்டம்

அடுத்த வாரம் பட்டறைக்குப் போனான். கடைக்காரர் நல்ல மனிதர், அவனுடைய இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். ஒரு மோதிரமும் சின்ன நீலக்கல்லும் கொடுத்தார். தேவராசா உளியை எடுத்திருக்கிறான். கை நடுங்கியிருக்கிறது. நடுங்குமா என்று பார்த்துக்கொண்டே இருந்தால் யாருடைய கைதான் நடுங்காது? கல்லை வெடிக்கவிட்டுவிடுவேன் என்று அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

பிறகும் இரண்டு மூன்று தரம் சலூனுக்குப் போனான். நான் கூடப் போகாமல் ஏதாவது சாட்டுச் சொன்னேன். செக்பொயின்ட் என்றும் சொல்லியிருப்பேன். ஒருநாள் கியூவைக் கொண்டுவந்து என்னிடமே கொடுத்தான். "எனக்கு இனி இது தேவையில்லை. உன்ர கைக்குப் படிஞ்சிட்டுது, நீ வைச்சிரு."

வாங்கிக்கொண்டேன். அதையும் வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கடையிலேயே அராவுகிற, மெருகு போடுகிற வேலைக்கு இறங்கினான். அங்கே அவனுக்குக் கீழே இருந்தவர்கள் கல்லை எடுத்தார்கள். அதைப் பார்க்கப் பிடிக்காமல் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் மூட்டைகளுக்குச் சீட்டுக் கட்டுகிற வேலைக்குப் போனான். புஷ்பம் ஒருதரம் என்னை வழியில் கண்டு, "அவருக்குக் கையில என்ன அண்ணை? டொக்டரும் ஒண்டுமில்லை எண்டுறார்," என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

ஒரு வருடத்துக்கு மேல் போனபிறகு, கனடாவில் இருந்த புஷ்பத்தின் தமையன் அவர்களைக் கூப்பிட ஒழுங்கு செய்தார். படிவம் நிரப்ப என்னிடம்தான் வந்தார்கள். அந்த நாட்களில் வெள்ளவத்தையில் இங்கிலிஷ் எழுதத் தெரிந்த ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் படிவத்தோடு உட்கார்ந்திருப்பார். பெயர், பிறந்த இடம், பிள்ளைகள் என்று வரிசையாக எழுதினேன். தொழில் என்ற கட்டம் வந்தது.

நான் கேட்காமலே 'நகைத் தொழிலாளி' என்று எழுதப் பேனையை வைத்தேன்.

"அதைப் போடாதை," என்றான் தேவராசா. "அங்க போனாச் செய்துகாட்டச் சொல்லுவாங்கள். லேபர் எண்டு போடு."

"தேவா..."

"போடு மச்சான்."

புஷ்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வாக்கியம் போதும். கியூவில்தான் பிழை, உன் கையில் இல்லை. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று. முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். இப்போது அந்தப் பொய்க்குள்ளே ஒரு மனிதனின் ஒன்றரை வருடம் கிடந்தது. எனக்குத் தைரியம் இருக்கவில்லை. லேபர் என்று என் கையெழுத்தில், அழகாக எழுதினேன்.

அவன் எடுத்த டெலிபோன்

அவர்கள் போய் நெடுங்காலம் ஆகியும் இங்கே சண்டை முடியவில்லை. சாவடிகள் வந்தன, போயின, திரும்பவும் வந்தன. கொட்டாஞ்சேனைச் சலூனை மூடி, ரெடிமேட் உடுப்புக்கடை போட்டார்கள். தேவராசா வருடத்துக்கு ஒருதரம், தைப்பொங்கலை ஒட்டி, டெலிபோன் எடுப்பான். ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலை என்றான். பனி என்றான். நான் இங்கே மழை என்பேன். இருவரும் வானத்தைப் பற்றியே கதைத்துவிட்டு வைத்துவிடுவோம்.

ஒருதரம் பொங்கல் இல்லாத நேரத்தில் எடுத்தான். குரலில் சந்தோஷம் இருந்தது. மகளுக்குக் கலியாணம் என்றான். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, நம்முடைய ஆட்கள்தான். மண்டபம், சாப்பாடு, எத்தனை பேர் என்று எல்லாம் சொன்னான்.

"தாலி இங்க ஒரு கடையில ஓடர் குடுத்திருக்கிறன் மச்சான். பெடியன் பரவாயில்லாமச் செய்வான். கல் பதிக்கிறதில மட்டும் கொஞ்சம் அவசரப்படுறான்."

கொழும்பில் எத்தனையோ பேரின் தாலிக்குக் கல் பதித்தவன் அவன். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

"நீயே செய்திருக்கலாமேடா," என்றேன்.

"உனக்குத் தெரியாததே. கை போட்டுதெல்லே."

அப்போது சொன்னேன். ஏன் அன்றைக்கு, ஏன் அதற்கு முந்தி இல்லை என்று கேட்டால் பதில் தெரியாது. ஒரே மூச்சில் சொன்னேன். போட்டியைச் சொன்னேன், மாளிகாவத்தையைச் சொன்னேன், சரிந்த திருகைச் சொன்னேன். சலூனில் அவன் பார்த்துக்கொண்டு நிற்க, நான் கியூவைக் கால்வாசி திருப்பிப் பிடித்ததைச் சொன்னேன். செக்பொயின்ட் எல்லாம் பொய் என்றேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அந்தப் பக்கம், அவனுக்குப் பின்னால் ஒரு தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மகளோ யாரோ இங்கிலிஷில் எதையோ சொல்லிச் சிரித்தார்கள்.

ஏசுவான் என்று காத்திருந்தேன். அவன் ஏசியிருந்தால் இன்றைக்கு நான் இதை எழுதவேண்டியிருக்காது.

"அப்ப என்ர கைக்கு ஒண்டும் நடக்கேல்லையே?" என்று கேட்டான்.

"இல்லை தேவா. ஒண்டும் நடக்கேல்லை."

"ஒண்டுமே?"

"ஒண்டுமே இல்லை."



"சரி, வைக்கிறன்," என்றான் தேவராசா. "நாளைக்குக் காலமை கடைக்குப் போய்த் தாலியை எடுக்கவேணும்."